தீவக நீரில் டிஸ்கஸ்

மீனும் அதன் குடும்பமும்

டிஸ்கஸ், தென்னமெரிக்காவின் அமேசன் ஆற்றுப் படுகைக்கு உரிய நன்னீர் மீன். சிக்லிட் குடும்பத்தின் சிம்பைசோடன் பேரினத்தில் அடங்குகிறது. உடல் பக்கவாட்டில் தட்டையாகி ஏறக்குறைய வட்ட வடிவம் கொண்டிருக்கும். முழு வளர்ச்சியடைந்த மீன் 15 முதல் 20 சென்ரிமீற்றர் வரை இருக்கும். நல்ல பராமரிப்பில் பத்தாண்டுகள் வரை வாழும். காட்டு மீன்களின் உடலில் ஒன்பது கருஞ்செங்குத்துப் பட்டைகள் ஓடுகின்றன. மீன் அஞ்சும்போதும் நோயுறும்போதும் இவை கறுத்துத் தெரியும். அமைதியாக இருக்கும்போது மங்கிப்போகும். வளர்ப்பவருக்கு மீனின் உடல்நிலையை முதலில் காட்டித் தருவது இந்த நிறமாற்றமே.

பிரேசிலில் 1817 முதல் 1835 வரை அலைந்து உயிரினங்களைச் சேகரித்த யொகான் நாட்டரர் அனுப்பிய மாதிரியைக் கொண்டு, ஒஸ்திரிய மீனியலாளர் யொகான் யாக்கோப் ஹெக்கல் 1840 இல் இந்தப் பேரினத்தை முதன்முதலாக விவரித்தார். இரண்டாவது இனத்தை 1904 இல் பிரெஞ்சு அறிஞர் ஜாக் பெல்கிறின் விவரித்தார். மொத்தம் எத்தனை இனங்கள் என்பதில் ஆய்வாளரிடையே இன்றும் உடன்பாடு இல்லை. கடைகளில் விற்கப்படும் நீல, சிவப்பு, மஞ்சள், வெள்ளை டிஸ்கஸ்கள் பெரும்பாலும் காட்டு மீன்கள் அல்ல. ஜேர்மனியின் எடுவார்ட் சிமித்-போக்க, அமெரிக்காவின் ஜாக் வட்லி போன்றோர் தொடங்கிவைத்து, பின்னர் தாய்லாந்திலும் மலேசியாவின் பினாங்கிலும் பெருந்தொழிலாக வளர்ந்த தெரிவுமுறை இனப்பெருக்கத்தின் விளைவுகள் இவை.

சிக்லிட் குடும்பம் இலங்கைக்குப் புதியதல்ல. நாட்டுக்கே உரிய சிக்லிட்கள் இரண்டு உள்ளன. ஒன்று, கேரளத்தில் கரிமீன் எனப்படும் எட்ரோபிளஸ் சுரடென்சிஸ். மற்றையது, அதைவிடச் சிறிய, செம்மஞ்சள் நிற மேனியில் கரும்புள்ளி கொண்ட சூடெட்ரோபிளஸ் மக்குலாடஸ். இரண்டும் களப்புகளின் உவர்நீரில் தாராளமாக வாழ்கின்றன. 1952 இல் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கத் திலாப்பியாவும் இதே குடும்பத்தது. அதுவும் உப்பைத் தாங்கும். டிஸ்கஸோ இந்த உறவினர்களிலிருந்து விலகி நிற்கிறது. உப்பு ஏறக்குறைய இல்லாத நீரில் உருவான மீன் அது. யாழ்ப்பாணத் தீவகத்தில் டிஸ்கஸ் வளர்ப்பதன் சிக்கல் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது.

பிறந்த இடத்து நீர்

ஹெக்கல் விவரித்த இனம் வாழும் ரியோ நீக்ரோ ஆற்றின் நீர், உக்கிய இலைகளின் சாயம் ஏறிக் கருந்தேநீர் நிறத்தில் இருக்கும். அதில் கரைந்த உப்புகள் மிகமிகக் குறைவு. கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் அங்கே சென்ரிமீற்றருக்குப் பத்து மைக்ரோசீமன்ஸ் அளவில்தான் இருக்கும். கடல்நீரில் அது ஐம்பதாயிரத்தை எட்டும். பீஎச் பெறுமானம் 4க்கும் 5க்கும் இடையில் நிற்கும், அதாவது தெளிவான அமிலத்தன்மை. ஏனைய டிஸ்கஸ் வகைகள் வாழும் ஆறுகளில் பீஎச் 6 முதல் 7 வரை உயர்ந்தாலும் நீர் மென்னீராகவே இருக்கிறது. வெப்பநிலை ஆண்டு முழுவதும் 26 முதல் 31 பாகை செல்சியஸ் வரை.

மனௌஸ் நகரருகே ஆற்றின் நீர்மட்டம் ஆண்டுதோறும் சுமார் பத்து மீற்றர் ஏறி இறங்குகிறது. டிஸ்கஸ் கூட்டங்கள் ஓட்டமுள்ள நடு ஆற்றைத் தவிர்த்து, நீரில் சாய்ந்து விழுந்த மரங்களின் கிளைகளுக்கிடையே ஒதுங்கி வாழ்கின்றன. கிளைகளில் படரும் பாசி, உக்கல், தாவரத் துணுக்குகள், சிறு முதுகெலும்பிலிகள் ஆகியவையே உணவு. தட்டை உடல் கிளைகளுக்குள் நுழைந்து திரும்ப வசதியானது. பட்டைகள் கிளைகளின் நிழலோடு கலந்து மீனை மறைக்கின்றன. வெள்ளம் ஏறிக் காட்டுக்குள் பரவும் காலமே இனப்பெருக்கக் காலம்.

தீவகத்தின் நீர்

வேலணை, ஊர்காவற்றுறை, மண்டைதீவு, புங்குடுதீவு, காரைநகர், நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகிய எந்த இடத்திலும் ஆறு இல்லை. மழைநீரே இயற்கையான ஒரே நன்னீர் மூலம். அது சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடே கீழிறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லையாகத் தங்குகிறது. நன்னீரின் அடர்த்தி கடல்நீரினதைவிடச் சற்றே குறைவு என்பதால் இது நிகழ்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியையொட்டிக் கைபன், ஹெர்ட்ஸ்பேர்க் என்னும் இருவர் தனித்தனியே கண்டறிந்த விதியின்படி, கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே அது சுமார் நாற்பது மீற்றர் ஆழம்வரை இருக்கும். இதே கணக்கு எதிர்த்திசையிலும் செல்லும்: இறைப்பினால் நீர்மட்டம் சிறிதளவு தாழ்ந்தாலும் உவர்நீர் கீழிருந்து பன்மடங்கு மேலேறும். மார்கழியில் குடிக்கத்தக்கதாக இருந்த கிணறு ஆவணியில் சவராகிப்போவது இதனால்தான். நெடுந்தீவில் நல்ல தண்ணீர் சாராப்பிட்டி போன்ற சில இடங்களில் மட்டுமே கிடைக்கிறது.

உப்பு ஒருபுறமிருக்க, சுண்ணாம்பு மறுபுறம். மழைநீர் மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மென்னமிலமாகிச் சுண்ணக்கல்லை அரிக்கிறது. அதிலிருந்து கல்சியமும் இருகாபனேற்றும் நீரில் சேர்கின்றன. கேத்திலின் அடியில் வெண்படிவாகத் தெரிவது இதுவே. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவகத்திலும் நீரின் வன்மை லீற்றருக்கு 300 மில்லிகிராமைத் தாண்டும் கிணறுகள் பல உண்டு. பீஎச் 7.5க்கு மேல் நிற்கும். கடத்துதிறன் ஆயிரம் மைக்ரோசீமன்ஸைத் தாண்டுவது சாதாரணம். உரமிடும் தோட்டங்களுக்கும் மலக்குழிகளுக்கும் அருகிலுள்ள கிணறுகளில் நைத்திரேற்றும் சேர்ந்திருக்கும்.

ஆக, குளிர்நாட்டு வளர்ப்பாளர் பெருஞ்செலவில் பெறும் வெப்பம் தீவகத்தில் இலவசம். அவர்களில் சிலர் குழாயைத் திறந்தாலே பெறக்கூடிய மென்னீர்தான் இங்கே அருமை. பண்ணைகளில் பல தலைமுறைகளாகப் பிறந்த டிஸ்கஸ்கள் ஓரளவு வன்னீரில் வளர்ந்து பெரிதாகும் என்பது உண்மை. கல்சியம் பூக்களின் வழியே உடலுப்பு கசிவதைக் குறைப்பதால், வளர்ந்த மீனுக்கு மிதமான வன்மை தீங்கல்ல. ஆனால் சோடியம் குளோரைட்டு மிகுந்த சவர்நீர், நைத்திரேற்று மிகுந்த நீர் இரண்டும் எந்த டிஸ்கஸுக்கும் ஏற்றவையல்ல.

நீரைத் தயாரித்தல்

தீவகத்தில் மென்னீர் பெற இரண்டு வழிகள் உள்ளன: மழையைச் சேமிப்பது, அல்லது ஆர்.ஓ. எனப்படும் நேர்மாறு பிரசாரண முறை.

மழைநீரின் கடத்துதிறன் பெரும்பாலும் ஐம்பதுக்குக் கீழே இருக்கும். ஐம்பது சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஐம்பது லீற்றர். சிதறல் போக நாற்பது லீற்றரைப் பிடிக்கலாம். 300 லீற்றர் தொட்டியில் வாரத்துக்கு இருமுறை 90 லீற்றர் வீதம் நீர் மாற்றினால் வாரத் தேவை 180 லீற்றர். அதில் முக்கால் பங்கு மழைநீர் என்றால் 135 லீற்றர். மழையற்ற 35 வாரங்களுக்கு இது 4,725 லீற்றராகிறது. எனவே 5,000 லீற்றர்க் கொள்கலன் ஒன்று போதும். அதை நிரப்ப 125 மில்லிமீற்றர் மழை வேண்டும். கார்த்திகை ஒன்றிலேயே குடாநாட்டுப் பகுதியில் வழக்கமாக இதைவிடக் கூடுதலாகப் பெய்கிறது. வீட்டின் குடிநீருக்கும் இதே கூரையை நம்பியிருக்கும் குடும்பம், மீனுக்கான கொள்ளளவைத் தனியாகக் கணக்கிட வேண்டும்.

கூரைநீரில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது உப்பு. கடற்காற்று கொண்டுவரும் உப்பு எட்டு மாதங்களாகக் கூரையில் படிந்திருக்கும். பறவை எச்சமும் தூசியும் அதனுடன் சேரும். பருவத்தின் முதல் மழைகளைச் சேமிக்காமல் வழியவிட வேண்டும். இரண்டாவது உலோகம். நாகம் பூசிய தகரக் கூரையிலிருந்தும் செப்புக் குழாயிலிருந்தும் கரையும் அயன்கள், மென்னீரில் மீனுக்கு மேலும் நஞ்சாகின்றன. ஓட்டுக் கூரையும் பிளாஸ்டிக் பீலியும் பாதுகாப்பானவை. மூன்றாவது சீமெந்து. புதிதாகக் கட்டிய சீமெந்துத் தொட்டி சுண்ணாம்பைக் கசியவிட்டு நீரின் பீஎச்சை உயர்த்தும். பலமுறை நிரப்பி வெளியேற்றிய பின்பே அதைப் பயன்படுத்தலாம்.

ஆர்.ஓ. முறையில், நுண்துளை மென்சவ்வின் ஒருபுறம் நீர் அழுத்தப்படுகிறது; நீர் மூலக்கூறுகள் மறுபுறம் கடக்க, உப்பு பின்தங்குகிறது. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் குடிநீருக்காக இம்முறை பயன்பாட்டில் உள்ளது. குடாநாட்டின் கிழக்குக் கரையிலுள்ள தாளையடியில் 2024 இல் திறக்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரை உற்பத்தி செய்யும் திறன் கொண்டது. விநியோகத்துக்கு வரும் இத்தகைய நீரில் குளோரினும் பின்னர் சேர்க்கப்பட்ட கனிமங்களும் இருக்கலாம் என்பதால், தொட்டியில் ஊற்றுமுன் கடத்துதிறனை அளந்து பார்க்க வேண்டும். வீட்டில் வைக்கும் சிறு கருவி ஒரு லீற்றர் தூயநீருக்கு இரண்டு மூன்று லீற்றர் கழிவுநீரை வெளியேற்றும். அக்கழிவில் உப்பு செறிந்திருக்கும். கிணற்றடியில் விட்டால் அது திரும்பவும் கிணற்றுக்கே போகும்.

வேறு இரண்டு முறைகள் பயன் தருவதில்லை. கொதிக்கவைப்பது தற்காலிக வன்மையை மட்டுமே நீக்கும், சவரை நீக்காது. சமையலறையில் பொருத்தும் சாதாரண மென்னீராக்கி கல்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைத் தருகிறது. மொத்த உப்பு குறைவதில்லை.

தூய மழைநீரை மட்டும் தொட்டியில் ஊற்றுவதும் தவறு. அதில் அமிலத்தை நடுநிலையாக்கும் இருகாபனேற்று இல்லை. சில நாட்களிலேயே பீஎச் சரிந்துவிடும். இங்கேதான் கிணற்றுநீர் உதவுகிறது. கடத்துதிறன் 1,200 உள்ள கிணற்றுநீர் ஒரு பங்குடன், 30 உள்ள மழைநீர் மூன்று பங்கு சேர்ந்தால் கலவை ஏறக்குறைய 320 ஆகும். ஐந்து பங்கு சேர்ந்தால் 225. வளரும் மீன்களுக்கு முதலாவது போதுமானது. இனப்பெருக்கத்துக்கு இன்னும் மென்மையான நீர் வேண்டும். கலவைக்குத் தெரிவு செய்யும் கிணறு வன்னீராக இருக்கலாம். சவராக இருக்கக் கூடாது. வெள்ளத்துக்குப் பின் குளோரின் இடப்பட்ட கிணற்றின் நீரையும், பவுசரில் வந்த நீரையும் ஒருநாள் முழுவதும் காற்றூட்டி வைக்க வேண்டும், அல்லது சோடியம் தயோசல்பேற்றால் குளோரினை நீக்க வேண்டும்.

வெப்பமும் ஒட்சிசனும்

தொட்டியில் 28 முதல் 30 பாகை செல்சியஸ் வரை நிலையாக இருக்க வேண்டும். தீவகத்தில் ஆண்டின் பெரும்பகுதியில் இது தானாகவே கிடைக்கும். மார்கழி, தை மாத இரவுகளில் மட்டும் தொட்டி நீர் 25 பாகை அளவுக்குக் குளிரலாம். அப்போது வெப்பநிலைக் கட்டுப்பாடு கொண்ட சூடாக்கி தேவை. சித்திரை முதல் ஆவணி வரையுள்ள சிக்கல் எதிர்மாறானது. நீர் சூடாகும்போது அதில் கரையக்கூடிய ஒட்சிசன் குறைகிறது: 25 பாகையில் லீற்றருக்கு 8.3 மில்லிகிராம், 30 பாகையில் 7.6, 32 பாகையில் 7.3. அதே வேளை மீனின் ஒட்சிசன் தேவை கூடுகிறது. எனவே வெயில் காலத்தில் காற்றூட்டலைக் கூட்ட வேண்டும். தொட்டியின் மூடியை உயர்த்தி, நீரின் மேற்பரப்பில் சிறு மின்விசிறியின் காற்று படச் செய்தால் ஆவியாதலால் இரண்டு மூன்று பாகை குறையும். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிச் செறிகிறது. ஆகவே குறைந்த நீரை ஈடுசெய்ய மழைநீரையோ ஆர்.ஓ. நீரையோ மட்டும் ஊற்ற வேண்டும். கலவை நீர் கழிவகற்றும் நீர்மாற்றத்துக்கு உரியது.

அமோனியா

மீனின் பூக்கள் வழியே வெளியேறும் முதன்மைக் கழிவு அமோனியா. நீரில் அது இரண்டு வடிவங்களில் இருக்கிறது: ஓரளவு தீங்கற்ற அமோனியம் அயன், கொடிய நஞ்சான சுயாதீன அமோனியா. எது எவ்வளவு என்பதைப் பீஎச்சும் வெப்பநிலையும் தீர்மானிக்கின்றன. 30 பாகையில் பீஎச் 6.5 ஆனால் மொத்தத்தில் கால் சதவீதமே நச்சு வடிவில் இருக்கும். அதே வெப்பநிலையில் பீஎச் 8.2 ஆனால் 11 சதவீதத்துக்கு மேல் நஞ்சாகிவிடும். நாற்பது மடங்குக்கு மேற்பட்ட இந்த வேறுபாடு தீவக வளர்ப்பாளர் மனத்தில் வைக்க வேண்டிய ஒன்று. மென்னீரில் பொறுத்துக்கொள்ளப்படும் ஒரு கவனக்குறைவு, சுண்ணாம்பு நீரில் ஒரே இரவில் தொட்டியைக் காலியாக்கலாம்.

அமோனியாவை நீக்குபவை வடிகட்டியில் குடியேறும் பற்றீரியாக்கள். ஒரு வகை அதை நைத்திரைற்றாகவும், மற்றொரு வகை நைத்திரைற்றை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இவை நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதன்பிறகே டிஸ்கஸை விட வேண்டும். அமோனியாவும் நைத்திரைற்றும் சோதனையில் பூச்சியமாக இருக்க வேண்டும். இறுதி விளைவான நைத்திரேற்று பெரும்பாலும் நீர்மாற்றத்தாலேயே குறையும். அதை லீற்றருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே வைப்பது நல்லது. கிணற்றுநீரே நைத்திரேற்றோடு வந்தால் நீர்மாற்றம் பயனற்றுப்போகும் என்பதால் கிணற்றையும் சோதிக்க வேண்டும். இப்பற்றீரியாக்கள் வேலை செய்யும்போது நீரின் இருகாபனேற்றை உண்டு தீர்க்கின்றன. பீஎச் 6க்குக் கீழே சரிந்தால் அவற்றின் வேகமும் தளரும். கலவையில் ஒரு பங்கு கிணற்றுநீர் வேண்டியிருப்பதற்கு இது மற்றொரு காரணம்.

தொட்டி

டிஸ்கஸ் கூட்டமாக வாழும் மீன். ஒன்றிரண்டாக வைத்தால் வலியது மெலிந்ததைத் துரத்திப் பட்டினி போடும். ஐந்து ஆறு மீன்கள் சேர்ந்திருந்தால் சினம் பங்கிடப்பட்டுவிடும். வளர்ந்த மீன் ஒன்றுக்கு நாற்பது லீற்றர் என்பது குறைந்தபட்சக் கணக்கு. 120 சென்ரிமீற்றர் நீளமும் 50 அகலமும் 50 உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி 300 லீற்றர் கொள்ளும். ஆறு மீன்களுக்கு இது பொருந்தும்.

குஞ்சுகளை வளர்க்கும் தொட்டியின் அடி வெறுமையாக இருப்பதே துப்புரவுக்கு எளிது. அழகுக்குப் பொருள் வைப்பதாயின் தீவகத்தில் கைக்கெட்டும் பொருள்களே தீங்கானவை. முருகைக்கல், சிப்பி, சங்கு, சிப்பித்துகள் கலந்த கடற்கரை மணல் யாவும் கல்சியம் காபனேற்று. தொட்டியில் மெல்லக் கரைந்து, பாடுபட்டுப் பெற்ற மென்னீரை மீண்டும் வன்னீராக்கும். ஐயமுள்ள கல்லின் மேல் வினாகிரி சில துளிகள் விட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் காட்டிக்கொடுக்கும். நன்கு ஊறவைத்த மரவேர், சாதாரண மண்சட்டி ஆகியவை பாதுகாப்பானவை. நாட்டு வாதுமையின் காய்ந்த இலை நீருக்குத் தனினும் மென்பழுப்பு நிறமும் தரும். ஆனால் இருகாபனேற்று மிகுந்த நீரில் அது பீஎச்சைக் குறைக்காது.

வடிகட்டியின் தெரிவு மின்சாரத்தோடு தொடர்புடையது. வேலணையும் புங்குடுதீவும் பாலங்களால் குடாநாட்டோடும் அதன் மின்வலையோடும் இணைந்தவை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியன நெடுங்காலமாகத் தத்தம் டீசல் மின்பிறப்பாக்கிகளையே நம்பியிருந்தன. சூரிய ஒளி, காற்று, மின்கலம் மூன்றையும் இணைத்த மின்முறைமையை அங்கு அமைக்க இந்திய நிதியுதவியுடன் 2024 இல் ஒப்பந்தம் கைச்சாத்தானது. மின்சாரம் நின்றால், மூடிய பெட்டி வடிகட்டிக்குள் சில மணிநேரத்தில் ஒட்சிசன் தீர்ந்து பற்றீரியாக்கள் மடியத் தொடங்கும். தொட்டிக்குள்ளேயே நிற்கும் பஞ்சு வடிகட்டியில் இந்த ஆபத்து குறைவு; காற்றுப்பம்பியை மின்கலத்தில் இயங்குவதாக வைத்தால் மின்தடையிலும் அது வேலை செய்யும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும். குளோரின் நீரில் கழுவினால் பற்றீரியாக்கள் அழிந்துவிடும்.

உணவு

வளரும் குஞ்சுகளுக்கு நாளுக்கு நான்கு முதல் ஆறு வேளை, பெரியவற்றுக்கு இரண்டு மூன்று வேளை. பண்ணைகளில் மாட்டிதயத்தை அரைத்துக் கொடுப்பது உலகெங்கும் வழக்கம். தீவகத்தில் அதற்கு மாற்றாக இறால் இருக்கிறது. ஓடு நீக்கிய இறாலையும் கொழுப்புக் குறைந்த மீன்சதையையும் ஆவியில் சற்று அவித்து, பசளிக்கீரையுடன் அரைத்து, ஜெலற்றின் சேர்த்து மெல்லிய பாளமாக உறையவைக்கலாம். அவிப்பதற்குக் காரணம் உண்டு: பச்சை மீன் சிலவற்றிலுள்ள தயமினேஸ் என்னும் நொதியம் வைட்டமின் பி1ஐ அழிக்கும், வெப்பம் அந்த நொதியத்தைச் சிதைக்கும். இறாலில் உள்ள அஸ்ராசாந்தின் என்னும் நிறமி செந்நிற வகைகளின் நிறத்தைக் கூட்டும்.

குஞ்சுகளுக்கு உணவாகும் ஆட்டீமியா என்னும் நுண்ணிறாலைப் பொரிக்கவைக்கக் கடல்நீரே போதும். வடிகட்டிய கடல்நீரில் முட்டைகளை இட்டு, வெளிச்சத்தில் ஓயாமல் காற்றூட்டினால் 28 பாகை அளவில் ஒருநாளில் பொரிக்கும். கொடுக்கும் முன் நன்னீரில் அலசி உப்பை நீக்க வேண்டும். சாக்கடைச் சேற்றிலிருந்து வரும் தியூபிபெக்ஸ் புழுக்கள் நோயையும் கூடவே கொண்டுவரும். எந்த உணவாயினும் கால் மணிநேரத்துக்குள் உண்ணாமல் விட்டதை உறிஞ்சி அகற்ற வேண்டும். மீதிப்பட்ட உணவு அமோனியாவாகும்.

மீனைக் கொண்டுவருதல்

கொழும்பிலிருந்து தீவகத்துக்கு வரும் மீன், இரவுப் பயணத்துக்குப் பின் யாழ்ப்பாணத்திலிருந்து குறிகாட்டுவானுக்கும், அங்கிருந்து படகில் நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ செல்ல வேண்டியிருக்கும். புறப்படுவதற்கு ஒருநாள் முன்பே உணவு நிறுத்தப்படும். பையில் மூன்றிலொரு பங்கு நீரும் மீதி ஒட்சிசனும் நிரப்பி, வெப்பம் தாக்காதபடி ரெஜிபோம் பெட்டியில் வைப்பர்.

பயணத்தின்போது பைநீரில் அமோனியா சேர்கிறது. ஆனால் மீன் விடும் காபனீரொட்சைட்டும் கரைந்து பீஎச்சைக் குறைப்பதால் அந்த அமோனியா பெரும்பாலும் தீங்கற்ற அயன் வடிவில் இருக்கிறது. பையைத் திறந்ததும் காபனீரொட்சைட்டு வெளியேறிப் பீஎச் உயர்கிறது. அமோனியா நஞ்சாக மாறத் தொடங்குகிறது. திறந்த பையில் சுண்ணாம்பு நீரைச் சொட்டுச் சொட்டாக மணிக்கணக்கில் விட்டால் இம்மாற்றம் இன்னும் விரைவாகும். ஆகவே அனுப்புபவரிடம் அவரது நீரின் கடத்துதிறனையும் பீஎச்சையும் கேட்டறிந்து, புதிய மீனை முதலில் விடும் தனிமைத் தொட்டியின் நீரை அதற்கு ஒப்பாக முன்கூட்டியே கலந்து வைக்க வேண்டும். மூடிய பையை மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமப்படுத்தி, பிறகு திறந்து, பைநீரைச் சேர்க்காமல் மீனை மட்டும் விடலாம். உள்ளூர் நீருக்குப் பழக்குவது அடுத்துவரும் வாரங்களில் நீர்மாற்றத்தினூடே நடக்க வேண்டும்.

நோய்

புதிய மீனை நான்கு வாரமேனும் தனித்தொட்டியில் வைத்தல் முதல் விதி. உடல் கறுத்தல், மூலையில் ஒதுங்குதல், உணவை வாயிலிட்டு உமிழ்தல், விரைவாக மூச்சுவிடுதல் ஆகியவை பொதுவான அறிகுறிகள். முதற் செயல் மருந்திடுவதல்ல, நீரைச் சோதிப்பது. அமோனியாவும் பீஎச் சரிவும் இதே அறிகுறிகளைத் தரும்.

வெண்ணிற நூல்போன்ற மலமும் மெலிவும் குடலில் வாழும் ஸ்பைரோநியூக்கிளியஸ் என்னும் சவுக்குயிரியைச் சுட்டும். தலையில் குழிகள் விழும் நோயோடும் இது தொடர்புபடுத்தப்படுகிறது. இதற்கு மெற்றோனிடசோல் பயன்படுகிறது. அளவைக் கால்நடை வைத்தியரிடம் கேட்டே இட வேண்டும். ஒரு பக்கப் பூமூடியை மட்டும் அசைத்து மூச்சுவிடுவதும் பொருள்களில் உடலை உரசுவதும் பூத்தட்டைப்புழுக்களைக் காட்டும். வாயோரமும் துடுப்பும் வெளிறிப் பஞ்சுபோலாகும் கொலும்னாரிஸ் பற்றீரிய நோய் சூடான வன்னீரில் வேகமாகப் பரவும். தீவகத்து வெயில்காலம் அதற்கு வாய்ப்பானது என்பதால், அக்காலத்தில் மீன்களை நெருக்கி வைக்கக் கூடாது.

இனப்பெருக்கம்

கூட்டத்திலிருந்து மீன்கள் தாமே இணை தெரிந்துகொள்ளும். ஓர் இணை ஒரு மூலையைக் காத்து, நிமிர்ந்த பரப்பொன்றை வாயால் துப்புரவாக்கத் தொடங்கினால் அதைத் தனித்தொட்டிக்கு மாற்றலாம். கவிழ்த்துவைத்த மண்சாடியோ கூம்போ முட்டையிடப் போதுமானது. ஒருமுறையில் நூறு முதல் முந்நூறு முட்டைகள் வரை ஒட்டப்படும். ஆண் தொடர்ந்து சென்று கருக்கட்டச் செய்யும்.

வன்னீர் தடையாவது இக்கட்டத்தில்தான். கல்சியம் மிகுந்த நீரில் முட்டையின் மேலுறை இறுகி, கருக்கட்டலும் பொரித்தலும் குறைவதாக விளக்கம் கூறப்படுகிறது. கடத்துதிறன் 200க்குக் கீழும் பீஎச் 6 முதல் 6.5 வரையும் உள்ள நீரில் பொரிக்கும் வீதம் உயர்கிறது. சேமிப்புத் தொட்டி நிரம்பியிருக்கும் ஐப்பசி முதல் தை வரையான காலமே தீவகத்தில் இதற்கு ஏற்றது. அமேசனிலும் டிஸ்கஸ் முட்டையிடுவது மழைவெள்ளக் காலத்திலேயே என்பதால், பெரிய அளவிலான நீர்மாற்றம் தொட்டி மீன்களையும் தூண்டுகிறது.

ஏறக்குறைய 60 மணிநேரத்தில் முட்டைகள் பொரிக்கும். குஞ்சுகள் மேலும் இரண்டு மூன்று நாட்கள் ஒட்டிய இடத்திலேயே துடித்துக்கொண்டிருந்து, பின் நீந்தத் தொடங்கும். நீந்தியதும் அவை செல்வது பெற்றோரின் உடலுக்கு. தாய், தந்தை இருவரின் தோலிலும் சுரக்கும் சளியே முதல் உணவு. 1959 இல் ஹில்டெமன் இந்நடத்தையை ஆய்விதழில் விவரித்தார். 2010 இல் வெளியான பக்லி குழுவினரின் ஆய்வு, குஞ்சு வளர்க்கும் காலத்தில் சளியின் புரதமும் பிறபொருளெதிரிகளும் கூடுவதையும், இரண்டு வாரங்களின் பின் பெற்றோர் குஞ்சுகளிடமிருந்து விலகிப் படிப்படியாகப் பால்மறக்கச் செய்வதை ஒத்த நடத்தையைக் காட்டுவதையும் எடுத்துரைத்தது. களப்புகளில் வாழும் செம்மஞ்சள் சூடெட்ரோபிளஸின் குஞ்சுகளும் பெற்றோரின் உடலைக் கொத்திச் சளியை உண்கின்றன. குடும்பத்தின் தொலைவான இரு கிளைகளில் இப்பழக்கம் காணப்படுகிறது.

குஞ்சுகள் கருமையான உடலையே நாடிச் செல்லும். கருநிறமி குறைந்த வெளிர் வகைகளின் குஞ்சுகள் சிலவேளை பெற்றோரைக் கண்டடையாமல் பட்டினியால் மடிவதுண்டு. நீர்மட்டத்தைத் தாழ்த்தி, சுற்றிலும் வெளிர்நிறப் பின்புலம் வைப்பது அவற்றுக்கு உதவும். நீந்திய ஐந்தாம் நாளளவில் ஆட்டீமியா தொடங்கலாம். மூன்றாம் வார முடிவில் பெற்றோரிடமிருந்து பிரித்து, கடத்துதிறனைச் சிறிது சிறிதாக உயர்த்தி, வளர்ப்பு நீருக்குப் பழக்கலாம். வன்மை கூடிய அந்நீர் வளரும் எலும்புக்கு உதவும். அரிய மழைநீரையும் மிச்சப்படுத்தும்.

மிகையான மீன்

வேண்டாத குஞ்சுகளையும் நோயுற்ற மீனையும் கேணியிலோ குளத்திலோ விடக் கூடாது. அலங்கார மீன் வணிகத்தின் வழி வந்த கத்திமீனும் உறிஞ்சுவாய்ப் பூனைமீனும் இலங்கையின் நீர்நிலைகளில் பரவி உள்நாட்டு மீன்களுக்கு இடையூறாகியுள்ளன. தீவகத்து வன்னீரில் டிஸ்கஸ் பெருகும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் அதனோடு வரும் ஒட்டுண்ணிகளுக்கும் பற்றீரியாக்களுக்கும் அந்தத் தடை இல்லை. தனிமைத் தொட்டியின் நீரை நீர்நிலையிலிருந்து விலகிய வறண்ட நிலத்தில் ஊற்ற வேண்டும். மருந்திடாத வளர்ப்புத் தொட்டியின் கழிவுநீர் நைத்திரேற்றுச் சத்துள்ளது. கிணற்றிலிருந்து விலகிய வாழைக்கும் தென்னைக்கும் அதைப் பாய்ச்சலாம்.